கல் மெய்; அதன் ஊர்?

புதிதாக ஒரு கல்லைக் கண்டால் கனிமச் சேகரிப்பாளர் கேட்கும் முதல் கேள்வி, "இது எந்த ஊர்க் கல்?" என்பதுதான். ஊர் தெரியாத படிகத்துக்கு அழகு உண்டு. ஆய்வுக்கு அது பெரும்பாலும் பயன்படாது. அதனால்தான் பழகிய சேகரிப்பாளர்கள் கல்லின் ஒரு மூலையில் வெள்ளை வண்ணம் தடவி, அதன்மேல் மையால் எண் எழுதி வைக்கிறார்கள். கல் கைமாறும்போது, பழைய உரிமையாளர் அதன் ஊரைக் குறித்து வைத்த சீட்டையும் உடன் கொடுக்கிறார்கள். நூறு ஆண்டு பழைய கல்லுக்கு நான்கைந்து சீட்டுகள் இருப்பதுண்டு.

இந்தச் சின்னத் தாளுக்குள் இந்தியத் தத்துவத்தின் பழைய வழக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. எதை வைத்து ஒன்றை அறிந்தோம் என்கிறோம்? சார்வாகருக்குக் காட்சி ஒன்றே அளவை, அதாவது அறியும் வழி. பௌத்தரும் வைசேடிகரும் காட்சியோடு அனுமானத்தையும் ஏற்றார்கள். நையாயிகர்கள் நம்பத்தக்கவர் சொல்லையும் தனி அளவையாக வைத்தார்கள். அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார், அளவைகளை விரித்துச் சொல்லிவிட்டு, அவை அனைத்தையும் காண்டல் (காட்சி), கருதல் (அனுமானம்), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றுக்குள் அடக்குகிறது.

கல்லுக்கு இந்த மூன்றும் வேண்டும். நிறத்தையும் வடிவத்தையும் கண் காண்கிறது. கடினத்தன்மை, அடர்த்தி, எக்ஸ்-கதிர்ச் சோதனை ஆகியவற்றைக் கொண்டு அது எந்தக் கனிமம் என்று கருதி அறியலாம். ஆனால் எந்தச் சுரங்கத்தில், எந்த ஆண்டு எடுத்தது என்பதைக் கல் தானாகச் சொல்வது அரிது. அங்கே உரையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

அந்த நம்பிக்கை எவ்வளவு ஆழமாக உடையக்கூடும் என்பதற்கு பிரிட்டனின் ஆர்தர் கிங்ஸ்பரி சாட்சி. 1906இல் பிறந்து 1968இல் மறைந்த இவர், தொழில்முறை அறிஞர்களே மதித்த சேகரிப்பாளர். பிரிட்டனில் அதுவரை கிடைக்காத அரிய கனிமங்கள் பலவற்றைத் தாமே கண்டெடுத்ததாகக் கட்டுரைகள் எழுதினார். அவர் இறந்தபின் அந்தச் சேகரிப்பு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனது. மற்றவர்கள் அவர் சொன்ன இடங்களில் தேடிப் பார்த்தும், அந்தக் கனிமங்களில் பல கிடைக்கவில்லை. 1998இல் மூன்று கனிமவியலாளர்கள் அந்தச் சேகரிப்பை மறுஆய்வு செய்து முடிவை வெளியிட்டார்கள்: ஏராளமான கற்களுக்கு அவர் பொய்யான ஊரை எழுதியிருந்தார். கற்கள் போலியல்ல. ஒவ்வொன்றும் அசல் கனிமம். பொய் முழுவதும் சீட்டில்.

எப்படிப் பிடித்தார்கள்? ஒரு கனிமத்தோடு ஒட்டி வளரும் துணைக் கனிமங்கள், தாங்கி நிற்கும் தாய்ப்பாறை இவையெல்லாம் பிறந்த இடத்தின் சாயலைச் சுமக்கின்றன. சொன்ன சுரங்கத்துக்கு அந்தச் சாயல் பொருந்தவில்லை. உரை தவறியபோது கருதல் அதைத் திருத்தியது.

ஆனால் இது எப்போதும் கைகொடுக்காது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பரவிய தக்காண எரிமலைப் பாறையின் பொந்துகளில் அபோபிலைட், ஸ்டில்பைட் ஆகிய கனிமங்கள் விளைந்திருக்கின்றன. மகாராஷ்டிரத்தின் கல் குவாரிகளிலிருந்து அவை உலகெங்கும் போகின்றன. பழைய அருங்காட்சியகச் சீட்டுகளில் வெறுமனே "பூனா" என்று இருக்கும். ஒரே வகைப் பாறை பல மாவட்டங்களுக்குப் பரந்து கிடக்கையில், எந்தக் குவாரி என்று பாறையை வைத்துச் சொல்வது கடினம். உண்மை தெரிந்தவர் கல்லை உடைத்தெடுத்த தொழிலாளி. அவரை யாரும் கேட்கவில்லை. சீட்டில் அவர் பெயரும் இல்லை. நம்பத்தக்கவர் யார் என்று நியாய நூல்கள் நுணுகி ஆராய்ந்திருக்கின்றன. இந்த வணிகத்திலோ, நேரில் கண்டவரை விட்டுவிட்டு, விற்றவர் சொல்லையே ஏற்கிறோம். இது பெரிய அநீதி.

சேகரிப்பாளர் சமூகங்களின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது. ஜோலியன் ரால்ஃப் 1993இல் தம் சொந்தப் பட்டியலாகத் தொடங்கி, 2000இல் இணையத்துக்குக் கொண்டுவந்த மைண்டாட் தரவுத்தளத்தில், ஒரு சுரங்கத்தில் ஒரு கனிமம் கிடைத்தது என்ற செய்தியைப் பலர் சேர்க்கலாம், பலர் மறுக்கலாம். 1970இல் தொடங்கிய மினராலஜிக்கல் ரெக்கார்ட் இதழ், சேகரிப்பாளர்களின் வாழ்க்கைக் குறிப்புகளையும் அவர்களுடைய பழைய சீட்டுகளையும் தொகுத்து வைத்திருக்கிறது. ஒரே ஒருவர் சொல்லில் தொங்கிய செய்தி இவற்றால் பலர் சரிபார்க்கும் செய்தியாகிறது.

கிங்ஸ்பரி உண்மையாகவே கண்டெடுத்த கற்களும் அந்தச் சேகரிப்பில் உண்டு. அவர் பொய்யே இப்போது அவற்றையும் ஐயத்துக்குள் தள்ளியிருக்கிறது. அவர் சொன்ன அதே இடத்தில் வேறொருவர் அதே கனிமத்தை மறுபடி எடுத்துக் காட்டும்வரை, அந்த நல்ல கற்களுக்காகப் பேசச் சாட்சி யாரும் இல்லை.