பெயர் அறியா வண்டு

சங்கரன்கோவிலில் மாடிமீது நின்று மேற்கே நோக்கினால், மழை ஓய்ந்த நாட்களில் மலைத்தொடர் நீலக்கோடாகத் தெரியும். அம்மலையடிவாரத்துப் புளியங்குடியில் தன் மாமு வீட்டுக்குச் சென்று திரும்பிய மாணவி ஒருத்தி, ஒரு நாள் மாலை ஓதவரும்போது தீப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். எலுமிச்சைத் தோட்டத்தின் ஓரம், காட்டை ஒட்டி மக்கிக் கிடந்த கட்டையின் அடியில் கண்டெடுத்ததாம். திறந்து பார்த்தேன். சீரகத்தைவிடச் சற்றே பருத்த, கருநிற வண்டு.

"ஹஜ்ரத், இதுக்குப் பேர் என்ன?"

"ஏதோ ஒரு வண்டு. வெளியே போட்டுவிட்டு வந்து உட்கார்" என்றேன்.

அவள் வாசலில் கவிழ்த்தாள். அவ்வேளை உள்ளே ஓடிவந்த சிறுவனின் காலடியில் அது நசுங்கிப் போயிற்று. அன்று நான் நடத்தவிருந்த பாடம் யாது தெரியுமா? ஆதிபிதா ஆதம் (அலை) அவர்களுக்கு இறைவன் எல்லாப் பொருள்களின் பெயர்களையும் கற்றுக்கொடுத்த வரலாறு! வாய் பாடத்தைச் சொல்லிற்று. நெஞ்சோ வாசற்படியில் நின்றுவிட்டது.

நமக்கு உதவாத, நமக்குத் தீங்கும் செய்யாத ஒரு சிற்றுயிரை அறியும் கடமை மனிதனுக்கு உண்டா? இவ்வினாவே அன்றுமுதல் என்னைத் தொடர்கிறது.

ஹிஜ்ரி 808இல் (கி.பி. 1405) மறைந்த எகிப்திய அறிஞர் அத்தமீரீ அவர்கள், 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் தம் பெருநூலில் வண்டைப் பற்றிக் கதையொன்று சொல்கிறார். ஒருவன் வண்டைக் கண்டு, 'அழகுமில்லை, மணமுமில்லை. இதனை இறைவன் எதற்குப் படைத்தான்?' என்று இகழ்ந்தான். பின்னர் அவனுக்கு ஆறாப் புண் ஒன்று வந்தது. மருத்துவர் பலரும் கைவிட்டனர். தெருவோடு வந்த வைத்தியன் ஒருவன் ஒரு வண்டைக் கேட்டு வாங்கி, எரித்த சாம்பலை அப்புண்ணில் இட, அது ஆறிற்று.

இளமையில் இக்கதையை ஓதியபோது வியந்தேன். இன்றோ ஒரு குறை தென்படுகிறது. மனிதனின் புண்ணை ஆற்றியதால்தான் வண்டுக்கு மதிப்பா? புண்ணே வராதிருந்தால் அது வீண் படைப்பா? பயனைக் கொண்டு மட்டும் பொருளை மதிப்பவன், தன்னையே படைப்பின் துலாக்கோல் ஆக்கிக்கொள்கிறான். அத்துலாக்கோலை நம் கையில் தந்தவர் யார்?

இனி, அறிஞர்கள் ஒரு வண்டை எங்ஙனம் அறிகிறார்கள் என்று பார்ப்போம். உறைபோன்ற கெட்டியான முன்னிறகுகள் உடையவை வண்டுகள். அரபியில் இவற்றுக்கு வழங்கும் பெயரிலும் வாளுறையைக் குறிக்கும் 'கிம்து' என்ற சொல்லே அமைந்துள்ளது. உலகில் இதுவரை ஏறத்தாழ 4 லட்சம் வண்டினங்கள் விவரித்துப் பெயரிடப்பட்டுள்ளன. ஒன்றைப் புதிதெனச் சொல்ல வேண்டுமாயின், அதன் உறவினங்கள் அனைத்தோடும் அதனை ஒப்பிட வேண்டும். உடலின் நீளம், உணர்கொம்பின் கணுக்கள், இறகுறையின் புள்ளிகள், உள்ளுறுப்புகளின் வடிவம் ஆகியவற்றை நுண்ணோக்கியில் ஆராய்ந்து எழுத வேண்டும். விவரித்த இனத்துக்குச் சான்றாக ஒரு வண்டை மூலமாதிரி என்று குறித்து, அது எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதையும் அறிவிக்க வேண்டும்.

இப்பணியில் நம் தமிழ் மண்ணுக்கு நெடிய தொடர்பு உண்டு. 1768இல் தரங்கம்பாடிக்கு வந்த கோனிக் என்னும் மருத்துவர் இங்கிருந்து பூச்சிகளை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவற்றை விவரித்த ஃபப்ரீசியஸின் நூல்களில் தரங்கம்பாடியின் பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது. 1972இல் ஜெனீவா அருங்காட்சியக அறிஞர்களான பெசுஷேயும் லோப்லும் நீலகிரி, பழனிமலைக் காடுகளில் சருகுகளைச் சலித்துச் சிறுவண்டுகளைத் திரட்டினர். தென்னிந்தியாவின் காளான் தின்னும் சிறுவண்டுகளைப் பற்றி லோப்ல் 1979இல் வெளியிட்ட ஆய்வில் பல புதிய இனங்கள் இடம்பெற்றன. கடுகளவு உயிரைப் பற்றி ஒரு சொல் சொல்ல ஏழாண்டு!

அவ்வண்டுகளின் ஊசியில் கோத்த சிறு சீட்டைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஹதீஸ் கலை நினைவுக்கு வந்தது. எடுத்த ஊர், நாள், எடுத்தவர் பெயர் இவை அச்சீட்டில் இருக்கும். சீட்டு இல்லாத வண்டு அழகானதாயினும் ஆய்வில் அதன் மதிப்பு பெரிதும் குன்றிவிடும். அறிவிப்பாளர் தொடரான 'இஸ்னாத்' இல்லாத செய்தியை நம் இமாம்கள் ஏற்காததும் இதே நீதிதானே! யார் கண்டார், எங்கே கண்டார் என்று சொல்ல இயலாத சாட்சி, சாட்சியாகாது. தமிழகத்தில் பல்லாண்டு பூச்சி சேகரித்த சூசை நாதன் என்பவரின் பெயர், பல பூச்சியினங்களின் இலத்தீன் பெயரில் 'நாதனி' என நிலைத்திருக்கிறது. ஆயினும் காட்டில் வழிகாட்டிய, கட்டை புரட்டிய எத்தனையோ கைகளுக்குச் சீட்டில் இடமில்லை. அத்தொடரில் விடுபட்ட கண்ணிகள் அவர்கள்.

இங்கே ஒரு தடை எழும். 'சாட்சி சொல்வதற்காக உயிரைக் கொல்லலாமா?' என்பீர்கள். நியாயமான கேள்வி. எறும்பொன்று கடித்ததற்காகப் புற்றையே எரிக்கச் செய்த முற்கால நபி ஒருவரை இறைவன் கண்டித்த செய்தி புகாரீ கிரந்தத்தில் உண்டு. ஆகவே அறிவின் பெயரால் எதுவும் ஆகும் என்று நான் கூறேன். தேவைக்கு மேல் எடுப்பவனும், பெருமைக்காகச் சேர்ப்பவனும் குற்றவாளியே. எடுத்த பொருளோ அவனது உடைமையன்று, அமானிதம். நம் நாட்டின் 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டமும், புதிய இனத்தின் மாதிரியை அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது.

ஆனால் இதையும் எண்ணிப் பாருங்கள். சாட்சிக்காக ஓர் உயிரை எடுத்துக் காலமெல்லாம் காப்பவன் ஒருபுறம். 'ஏதோ ஒரு வண்டு' என்று சொல்லிக் காலடிக்கு அனுப்பிய நான் மறுபுறம். காடுகள் வெட்டுண்டபோது, பெயரின்றியே மறைந்த உயிர்களுக்காக எவரும் வழக்காடவில்லை. இல்லாத பெயரைச் சொல்லி எவர் முறையிட முடியும்?

'புதிய இனம்' என்று செய்தியில் படிக்கிறோம். புதுமை வண்டுக்கு அன்று, நம் அறிவுக்கே. நாம் அறியுமுன்னரும் அது தன் கட்டையடியில் வாழ்ந்தது. படைத்தவன் அதனை அறிந்திருந்தான். பெயரிடுவதால் நாம் அதன் எசமானர் ஆவதில்லை. கண்டதற்குச் சாட்சி ஆகிறோம்.

அப்படியாயின், நூலறிவும் நுண்ணோக்கியும் இல்லாத நான் அன்று என்ன சொல்லியிருக்க வேண்டும்? இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் பலமுறை கூறத் தயங்காத சொல்லைத்தான்: 'லா அத்ரீ', எனக்குத் தெரியாது. 'தெரியாது' என்பவன் அப்பொருளுக்கு ஒரு பெயர் உண்டு, தனக்குத்தான் எட்டவில்லை என்று ஒப்புகிறான். 'ஏதோ ஒன்று' என்பவன் அதற்குப் பெயரே வேண்டாம் என்று தீர்ப்பளிக்கிறான். முன்னது அறியாமை, பின்னது அநீதி.

மறுநாள் பிள்ளைகள் அனைவர் முன்னும் அவளிடம் அதைச் சொன்னேன். அடுத்த விடுமுறை கழிந்து வந்தவள் தீப்பெட்டி கொண்டுவரவில்லை. ஒரு துண்டுத் தாளை நீட்டினாள். நாள், ஊர், மாமு தோட்டத்து மேற்கு வேலி, மக்கிய கட்டை, கறுப்பு, சீரகத்தைவிடச் சற்றே பெரிது என வரிசையாக எழுதியிருந்தாள். இறுதி வரியில், 'பெயர்: தெரியவில்லை.'

"வண்டு எங்கேம்மா?"

"அங்கேயே விட்டுட்டேன், ஹஜ்ரத். பார்த்து எழுதிக்கிட்டேன்."

அத்தாள் என் கிதாபுக்குள் இருக்கிறது. ஆதம் (அலை) அவர்களின் வரலாற்றை நடத்தும் நாளில், அதை எடுத்துப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறேன்.