இரத்தம் வந்தால்தான் குற்றமா?



நம் புதுக்கோட்டைச் சீமையில் தைப் பொங்கலுக்கு முன்பே வாடிவாசல் திறந்துவிடும். தச்சங்குறிச்சியில் மாதா கோயில் திருவிழாவை ஒட்டி நடப்பதே பெரும்பாலும் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். எல்லாரும் காளையையும் பிடிப்பவனையும் பார்க்கிறோம். மேடையில் நின்று தீர்ப்புச் சொல்லும் குழுவினரை யார் கவனிக்கிறார்கள்? அவர்கள் சுமை இலேசானதல்ல. 2019-இல் விராலிமலையில் ஒரே நாளில் 1,300-க்கு மேற்பட்ட காளைகள் அவிழ்க்கப்பட்டன; சாதனை என்று ஊர் மெச்சியது. அன்றே இரண்டு பேர் மாண்டும் போனார்கள்.

விதி தெளிவானது. திமிலை மட்டுமே தழுவ வேண்டும். 15 மீட்டர் தூரமோ, மூன்று துள்ளலோ தாங்கினால் வெற்றி. கொம்பையோ வாலையோ பிடிப்பவன் களத்தை விட்டு விலக்கப்படுவான்.

இப்பொழுது யோசித்துப் பாருங்கள். ஒருவன் வாலைப் பிடித்து இழுக்கிறான், யாருக்கும் காயமில்லை. மற்றொருவனும் அதையே செய்கிறான்; காளை சுழன்று, பக்கத்தில் நின்றவனைக் குத்திவிடுகிறது. முதல்வனைப் "போகட்டும்" என்று விட்டு, இரண்டாமவனை மட்டும் தண்டிப்பது நியாயமா?

இந்தக் கேள்விக்கு உலகத்தார் இருவிதமாகப் பதில் சொல்லுகிறார்கள். வட அமெரிக்காவில் பனிக்கட்டித் தரைமேல் ஹாக்கி ஆடுகிறார்கள். அங்குள்ள தேசிய லீக் பந்தயங்களில், தோளுக்கு மேல் உயர்ந்த மட்டை எதிரியின் மேல் பட்டால் 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டும். காயம் உண்டானால், கை தவறிப் பட்டிருந்தாலும், 4 நிமிடம். நம் பிள்ளைகள் ஆடும் கால்பந்தோ வேறு வழி போகிறது. உதைக்க முயன்றாலே குற்றம், கால் படவேண்டியதில்லை. எதிரிக்கு வரும் அபாயத்தை மதியாமல் பாய்ந்தால் மஞ்சள் அட்டை, மிஞ்சிய பலத்தோடு பாய்ந்தால் சிவப்பு அட்டை. ஒன்று காயத்தை அளக்கிறது. மற்றொன்று செய்கையை அளக்கிறது.

எது சரி? அடிபட்டவனின் தாயிடம், "அவன் வேண்டுமென்று செய்யவில்லை" என்று சொன்னால் அவள் கண்ணீர் நிற்குமா? ஆகையால் காயத்தைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் இங்கே கணக்கு இரண்டு உண்டு. குற்றம் என்பது ஒன்று. கடன் என்பது வேறொன்று. கடைத்தெருவில் இரண்டு வாலிபர்கள் மோட்டார் சைக்கிளைத் தலைதெறிக்க ஓட்டுகிறார்கள். ஒருவன் ஒரு மூதாட்டியை இடித்துவிட்டான்; மற்றவன் சுகமாக வீடு சேர்ந்தான். குற்றம் இருவருக்கும் சமம். வைத்தியச் செலவும் மன்னிப்புக் கேட்கும் கடமையும் முதல்வனுக்குக் கூடுதல் கடன். அவ்வளவே. உண்மையில் நாம் அதிகம் அஞ்சவேண்டியவன் இரண்டாமவனே. முதல்வன் அழுது திருந்தக்கூடும். இவனோ நாளைக்கு இன்னும் வேகமாக ஓட்டுவான்.

ஆகவே நல்ல நடுவர் இரத்தத்துக்காகக் காத்திருக்க மாட்டார். வாலில் கை பட்ட அந்தக் கணமே, அவன் சொந்த ஊர்க்காரனானாலும், சகோதரி மகனானாலும், வெளியே அனுப்புவார். கூட்டம் ஏசும், ஏசட்டும்.

பெற்றோர்களே, வீட்டில் நீங்களே நடுவர்கள். கைதவறிக் கண்ணாடியை உடைத்த பிள்ளையை அடித்துவிட்டு, தம்பிமேல் கல்லெறிந்து குறி தப்பிய பிள்ளையைச் சிரித்து விட்டுவிடுகிறோம் அல்லவா? இன்றிரவு விளக்கை அணைக்குமுன், இந்த வாரம் நாம் சொன்ன தீர்ப்புகளை ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.