சரிதலும் சரித்தலும்

மண் சரிந்தது என்பது தன்வினை. சரித்தான் என்பது பிறவினை. 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பது பேருக்கு மேல் இறந்தபோதும் நாம் எழுதியது தன்வினையில்தான். எழுவாய் மண் என்று ஆனபின் விசாரிக்க ஆள் ஏது?

ஹாங்காங்கை எடுத்துக்கொள்கிறேன். 1972 ஜூன் 16 முதல் 18 வரை அங்கே 650 மில்லிமீட்டருக்கு மேல் மழை. 18ஆம் தேதி பகலில் ஸாவ் மாவ் பிங்கில், சாலைக்காக மண் கொட்டி உயர்த்திய கரை, அரசு அனுமதித்த குடிசைப் பகுதிமேல் இறங்கியது. 71 பேர் செத்தார்கள். அன்றிரவே வசதியானவர்கள் வாழும் போ ஷான் சாலைப் பக்கம் அடுக்குமாடிக் கட்டிடம் ஒன்று விழுந்தது, 67 பேர். மழைக்குப் பேதமில்லை என்று இதை வைத்து ஒரு கவிதை எழுதிவிடலாம். எழுதாமலிருப்பது உத்தமம்.

மழை காரணம்தான். ஆனால் அந்த மூன்று நாளும் எல்லாச் சரிவுகளின் மீதும்தான் அது பெய்தது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று, இது மட்டும் ஏன் விழுந்தது என்பதற்கு விடையாக முடியாது. 1976 ஆகஸ்டில் அதே ஸாவ் மாவ் பிங்கில் மீண்டும் மண் இறங்கி 18 பேர் இறந்தபின் நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். மக்கிய கருங்கல் மண்ணைக் கொட்டியவர்கள் அதைச் சரியாகக் கெட்டிக்காமல் விட்டிருந்தார்கள். இளகிய மண் நீர் குடித்தால் கூழாகி ஓடும்.

மனிதன் தொடாத மலையும் சரியத்தானே செய்கிறது என்பார்கள். வாஸ்தவம். ஆளில்லாத பள்ளத்தில் விழும் மண்ணை யாரும் விபத்து என்பதில்லை. கீழே ஆள் இருந்தான். அவனை அங்கே இருக்கச் செய்தது எது என்று கேட்கும்போது நிலவியல் ஒதுங்கிக்கொள்கிறது. கொட்டியவன், அனுமதித்தவன், வேறு போக்கிடமின்றி வந்து குடியேறியவன் என்று குற்றம் பங்காகிறது. இருபது பேருக்குப் பங்கிட்ட குற்றத்தில் ஒருவன் தூக்கமும் கெடுவதில்லை. இயற்கை என்ற சொல் அளிக்கும் அதே சௌகரியம் இதிலும் இருக்கிறது.

1977இல் சரிவுகளுக்கென்றே அங்கே தனி அரசு அலுவலகம் அமைந்தது. வெட்டியும் கொட்டியும் உண்டாக்கிய சரிவுகள் ஏறத்தாழ 60,000. அவற்றுக்கு இன்று பதிவெண் இருக்கிறது, பராமரிக்க வேண்டியவர் யார் என்ற பதிவும் இருக்கிறது. மனமாற்றம் ஏதும் நிகழ்ந்ததாக நான் நினைக்கவில்லை. வீடு வாங்குகிறவன், பின்னாலுள்ள சரிவில் தனக்கும் பங்குண்டா என்று பத்திரத்தைப் புரட்டிப் பார்க்கவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.