ஸப்ரும் மேல்முறையீடும்

சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து நாம் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தோம். காஞ்சிபுரத்தில் கூலிக்குப் பட்டு நெய்யும் சகோதரர் ஒருவர் ஸலாம் சொல்லி அருகில் வந்து அமர்ந்தார். அவர் கையிலிருந்த உறைக்குள் ஏழு வயது மகனின் மருத்துவச் சான்று இருந்தது.

"ஹஜ்ரத், இதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்கிறார்கள். அப்படிச் செய்தால் அல்லாஹ்வின் விதியை எதிர்த்ததாக ஆகிவிடாதா?" என்று கேட்டார்.

அந்தப் பிள்ளையை மஹல்லாவில் அனைவரும் அறிவர். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்க மாட்டான். தறியின் ஓசை கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். மருத்துவர்கள் இதனை ஆட்டிசம் என்கிறார்கள். இது ஷைத்தான் தீண்டியதால் வந்ததன்று. தாயின் வளர்ப்பால் வந்ததுமன்று. மூளை வளரும் விதத்தில் இளமையிலேயே அமைந்துவிடும் வேறுபாடு. இதனை நீக்கிவிடும் மருந்து கிடையாது. ஆனால் பேச்சுப் பயிற்சியும் பழக்கவழக்கப் பயிற்சியும் சிறு வயதிலேயே தொடங்கினால் பிள்ளை பெரிதும் தேறும்.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டுள்ளது. ஆட்டிசமும் அவற்றுள் ஒன்று. குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறது என்று சான்று பெற்றவர்களுக்கே பல உதவிகள் உண்டு. ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை, அச்சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி இத்தகைய பிள்ளைகளுக்கு இருக்கிறது. நம் சகோதரரின் மகனுக்குக் கிடைத்த சான்றிலோ 40க்குக் குறைவாகவே எழுதப்பட்டிருந்தது.

ஏன் அப்படி ஆயிற்று என்று விசாரித்தோம். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பரிசோதனைக்குச் சென்ற அன்று, மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த வீட்டாரின் உறவுப் பெண்மணி ஒருவர் அதே வரிசையில் நின்றிருக்கிறார். அதனால் பிள்ளையின் தாயார் மருத்துவரிடம், "நன்றாகத்தான் பேசுவான், கொஞ்சம் பிடிவாதம், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார்.

இப்போது வேறொருவர் யோசனை சொல்லியிருக்கிறாராம்: "அடுத்த முறை போகும்போது முதல்நாள் இரவு பிள்ளையைத் தூங்க விடாதீர்கள். ஒன்றுமே தெரியாது, ஒன்றுமே செய்யமாட்டான் என்று சொல்லுங்கள்."

ஆக, நம் முன் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. மேல்முறையீடு செய்வது ஸப்ருக்கு முரணா? செய்வதானால் எதைச் சொல்லிச் செய்வது?

முதலில் நம் குறையை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓராண்டுக்கு முன் அந்தத் தாயார் அழுதுகொண்டு வந்தபோது, "ஸப்ர் செய்யுங்கள் அம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டோம். சொன்னது தவறன்று, ஆனால் அத்துடன் நிறுத்தியது தவறு. பிள்ளை இப்படிப் பிறந்தது அல்லாஹ்வின் நாட்டம். அதில் ஸப்ர் கடமை. ஆனால் ஒரு காகிதத்தில் எழுதப்பட்ட எண் மனிதர்கள் இட்ட எண் அன்றோ! மனிதனின் கணிப்பில் பிழை நேரலாம். அதைத் திருத்தச் சொல்வது எப்படி விதியை எதிர்ப்பதாகும்?

திருமறையின் 58ஆம் அத்தியாயத்தின் பெயரே 'அல் முஜாதலா', அதாவது வாதாடிய பெண். கவ்லா (ரலி) அவர்களைக் கணவர் தம் தாய்க்கு ஒப்பிட்டு விலக்கிவிட்டார். அந்த அம்மையார் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். சாதகமான பதில் கிடைக்காதபோதும் தம் நிலையை மீண்டும் மீண்டும் எடுத்துச் சொன்னார். பொறுமையற்றவள் என்று அவரை அல்லாஹ் கண்டித்தானா? இல்லை. அவருடைய வழக்கைத் தான் கேட்டதாக அறிவித்துத் தீர்ப்பையும் இறக்கினான்.

மேல்முறையீடு செய்தால் மருத்துவரைப் பொய்யர் என்று சொன்னதாகாதா என்று சிலர் தயங்குகின்றனர். தாவூத் (அலை) அவர்களிடம் ஆடுகள் மேய்ந்த விளைநிலம் பற்றிய வழக்கு வந்தபோது, அதன் சரியான விளக்கம் ஸுலைமான் (அலை) அவர்களுக்கே அருளப்பட்டது. ஆயினும் அல்லாஹ் இருவரையும் ஞானமுடையோர் என்றே புகழ்கிறான். நம் ஊரில் பட்டுச் சேலை வாங்க வருபவர் ஜரிகையில் ஐயம் கொண்டால் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார். அதனால் நெய்தவரைப் பழித்ததாகுமா?

இன்னொன்றையும் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். தனக்கு வரவேண்டிய உரிமையை ஒருவன் விட்டுக்கொடுக்கலாம், அது பெருந்தன்மை. ஆனால் வலீயாக இருப்பவர் தம் பொறுப்பிலுள்ள சிறுவனின் பொருளைப் பிறருக்குத் தானம் செய்ய ஷரீஅத் அனுமதிப்பதில்லை. அந்தப் பயிற்சியும் கல்வியும் தந்தையின் சொத்தல்ல, பிள்ளையின் ஹக்கு. வாய் திறந்து கேட்க இயலாத ஒருவனின் ஹக்கை, "பரவாயில்லை, அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று விட்டுவிடத் தந்தைக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? அது அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பெற்றோர், அரசுப் பள்ளி வகுத்த திட்டம் போதவில்லை என்று 2010இல் பிள்ளையை அங்கிருந்து விலக்கி, பின்னர் வழக்காடினர். விசாரணை அதிகாரியிடம் தோற்றனர்; இரண்டு நீதிமன்றங்களிலும் தோற்றனர். 2017 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பெயரளவு முன்னேற்றம் போதாது, பிள்ளையின் நிலைக்கேற்ற முன்னேற்றத்துக்குப் பள்ளி வழி செய்ய வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அத்தனை ஆண்டுகள் சளைக்காமல் நின்றதற்கு ஸப்ர் என்றல்லாமல் வேறென்ன பெயரிடுவது?

நம் நாட்டுச் சட்டமும் 59ஆம் பிரிவில் இந்த வாசலைத் திறந்தே வைத்துள்ளது. சான்று வழங்கும் அதிகாரியின் முடிவில் குறை கண்டவர், மாநில அரசு நியமித்த மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். அதற்கான காலக்கெடுவையும் முறையையும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டறியலாம்.

இனி இரண்டாவது கேள்வி. பிள்ளையைத் தூங்கவிடாமல் வாட்டி, இல்லாத குறையைச் சொல்லி எண்ணைக் கூட்டலாமா? கூடவே கூடாது. வாதத் திறமையால் என்னிடம் சாதகமான தீர்ப்புப் பெற்று, தன் சகோதரனுக்குரியதை எடுத்துச் செல்பவன் நெருப்புத் துண்டையே எடுத்துச் செல்கிறான் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். நபியவர்களின் தீர்ப்பே பொய்யை ஹலாலாக்காது என்றால், மருத்துவக் குழுவின் சான்று ஆக்கிவிடுமா? பொய் சொல்லி உதவி பெற முயல்வோருக்கு 91ஆம் பிரிவு இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. அதனினும் கொடியது, உதவி பெறும் பொருட்டுப் பெற்றவர்களே பிள்ளையை வதைப்பது.

ஆனால் கூட்டிச் சொல்வதை மட்டுமே பொய் என்று எண்ணிவிடக் கூடாது. வெட்கத்தால் குறைத்துச் சொல்வதும் பொய்ச் சாட்சியே! இந்த வீட்டில் நடந்த முதல் பொய் அதுதான். சம்பந்தி வீட்டாரின் பார்வைக்கு அஞ்சி, பேசத் தெரியாத மகனுக்கு எதிராகத் தாயே சாட்சி சொல்ல நேர்ந்தது. அந்த அச்சத்தை அவருக்கு ஊட்டியவர்கள் யார்? அப்பிள்ளை பள்ளிவாசலில் சத்தமிட்டபோது முகம் சுளித்த நாமும், அந்த வீட்டில் பெண் எடுக்கத் தயங்கும் நம் குடும்பங்களும் அல்லவா?

சகோதரரிடம் நாம் சொன்னது இதுதான்: "பாய், ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். முப்பது நாள் பிள்ளை என்ன செய்தான், எதைச் செய்ய இயலவில்லை என்று உள்ளபடி எழுதுங்கள். தானே சட்டை மாட்டிக்கொண்ட நாளையும் எழுதுங்கள். இரவெல்லாம் அலறிய நாளையும் எழுதுங்கள். அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கெடு முடியுமுன் மனுவைக் கொடுங்கள். நாமும் உடன் வருகிறோம்."

அவர் எழுதினார். சொல்லச் சொல்ல எழுதியது அவர் மூத்த மகள். மனு கொடுத்தாகிவிட்டது, முடிவு இன்னும் வரவில்லை. எந்த எண் வந்தாலும், கேட்க வேண்டியதைக் கேட்டோம், உள்ளதையே சொன்னோம் என்ற நிம்மதி அவ்வீட்டில் இருக்கிறது. அல்லாஹ்வின் தீர்ப்பைப் பொருந்திக்கொள்வதும் அதன் பிறகுதான் தொடங்குகிறது.

வல்ல நாயன் அப்பிள்ளைக்கு இலகுவை நல்குவானாக! நம் நாவுகளைக் கூட்டுவதிலிருந்தும் குறைப்பதிலிருந்தும் காப்பானாக! ஆமீன்.