பட்டறைக் கூரை ஒழுகினால்



ஐப்பசி பிறந்துவிட்டால் நம் பங்கிலுள்ள லேத்துப் பட்டறைகளிலும் வெல்டிங் கொட்டகைகளிலும் ஒரே பேச்சுத்தான்: "சாமி, கூரை ஒழுகுகிறது." சொட்டும் இடத்தில் ஒரு வாளியை வைக்கிறார்கள். நிறைந்தால் வெளியே கொட்டுகிறார்கள். மழை நின்றதும் ஒழுக்கும் மறந்துபோகிறது. அடுத்த ஐப்பசியில் அதே இடம், அதே வாளி. சோம்பேறியின் வீடு ஒழுகும் என்பது பழைய ஏற்பாட்டு ஞானி கண்டு எழுதிய உண்மை.

கூரையைப்பற்றியும் ஒரு பிரசங்கமா என்று நினையாதீர்கள். 1955-ம் ஆண்டு பாப்பரசர் 12-ம் பத்திநாதர், மே மாதம் 1-ந் தேதியைத் தொழிலாளரான அர்ச். சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். தொழிற்கூடமும் சர்வேசுரனுக்கு ஊழியம் செய்யும் இடமே. ஆகையால் அதன் கூரையைப்பற்றி மூன்று காரியங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, துவாரத்தைக் கண்டுபிடியுங்கள். தண்ணீர் புகும் இடம் ஒன்று, சொட்டும் இடம் வேறொன்று. மேலே புகுந்த நீர் தகட்டின் அடிப்புறமாகவோ, அதைத் தாங்கும் சட்டத்தின் வழியாகவோ ஓடி, எங்கேனும் தடைபட்ட இடத்தில் சொட்டும். எனவே சொட்டும் இடத்திலிருந்து முகட்டை நோக்கித் தேடுங்கள். வெயில் காயும் பகலில் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் ஊசித் துவாரமும் நட்சத்திரம்போல் தெரியும். அப்படியும் தெரியாவிட்டால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒருவர் கொட்டகைக்குள் நிற்க, மற்றொருவர் வெளியே கட்டிய ஏணியிலிருந்து ரப்பர் குழாயால் தண்ணீர் விடட்டும். இறவாரத்தில் தொடங்கிப் பகுதி பகுதியாக மேலே போகவேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழிந்தோடும் நீர் எல்லாத் துவாரத்திலும் புகுந்துவிடும். எது குற்றவாளி என்று தெரியாது. மழையில்லாத மார்கழி விடியலில் தகட்டின் அடியில் முத்து முத்தாக நீர் நின்றால் அது ஒழுக்கு அல்ல. உள்ளிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த தகட்டில் பட்டு நீராகிறது. அதற்கு வேண்டியது காற்றோட்டம்.

இரண்டாவது, துவாரத்தை மூடி மறைக்காமல் செப்பனிடுங்கள். பெரும்பாலும் குற்றம் போல்ட்டு இருக்கும் இடத்தில்தான். 10 மீட்டர் நீளமுள்ள இரும்புத் தகடு 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் நீளுகிறது, குளிர்ந்தால் சுருங்குகிறது. தினந்தோறும் இப்படி அசைவதால் துவாரம் பெருக்கிறது. ரப்பர் வாஷரோ வெயிலில் காய்ந்து வெடிக்கிறது. அதை மேலும் முறுக்கினால் வாஷர் நசுங்கி ஒழுக்கு அதிகமாகும். பழையதைக் கழற்றிப் புது வாஷர் போடுங்கள். துவாரம் பெருத்திருந்தால் சற்றுப் பருமனான போல்ட்டைப் போடுங்கள். நெளிதகட்டில் போல்ட்டு மேட்டில் இருக்கவேண்டும், நீரோடும் பள்ளத்தில் அல்ல. துளைபோட்ட இரும்புத் தூளைக் கூரையிலேயே விடாதீர்கள். அது துருப்பிடித்துத் தகட்டையும் கெடுக்கும். துருவின்மேல் தாரைப் பூசித் திருப்தியடையாதீர்கள். தார் வெடித்ததும் நீர் அதனடியில் தங்கி, மறைவிலேயே தகட்டைத் தின்றுவிடும்.

ஆத்துமத்திலும் இப்படித்தான். தகப்பனின் கோபம் வீட்டில் பிள்ளையின்மேல் விழுகிறது. அது சொட்டும் இடம். கடனோ குடியோ புகுந்த துவாரம் வேறெங்கோ இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது வாளியைமட்டும் காலிசெய்யாமல், துவாரத்தைத் தேடுங்கள்.

மூன்றாவது காரியமே எல்லாவற்றிலும் பெரியது. கூரைமேல் ஏறுகிறவன் யார்? அநேகமாக முதலாளி அல்ல. கூலி குறைந்த, சொன்னதைத் தட்டாத பையன். ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுத் தகடும், வெளிச்சத்துக்காக இடையே பதித்த பிளாஸ்டிக் தகடும் பார்வைக்கு உறுதியாயிருக்கும். காலை வைத்ததும் உடைந்துபோகும். கீழே இருப்பதோ இரும்பு யந்திரங்கள். புது வீடு கட்டுகிறவன் மெத்தையைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் வைக்கவேண்டும், ஒருவன் விழுந்து செத்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்று மோயீசன் வழியாய்ச் சர்வேசுரன் கட்டளையிட்டார். ஐந்தாம் கற்பனை கத்தி எடுத்தவனுக்கு மாத்திரமா? பலகையும் கயிறும் கொடாமல் ஒருவனை ஏற்றிவிட்டவனுக்கும் அது உண்டு.

ஆகையால் ஈரக் கூரையில் யாரையும் ஏற்றாதீர்கள். உடையக்கூடிய தகட்டின்மேல் யாரும் கால் வைக்கவேண்டாம். தாங்கும் சட்டங்களின்மேல் படியும்படி நீளமான பலகை போடுங்கள். ஏறுகிறவனுக்கு உறுதியான இடத்தில் கட்டிய பாதுகாப்புக் கயிறும் உடல் முழுவதையும் தாங்கும் வாரும் இருக்கட்டும். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை அறுக்கவோ சுரண்டவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் பல வருஷங்களுக்குப்பின் புற்றுநோயையும் உண்டாக்கும். சொட்டும் இடத்தின் கீழே வெல்டிங் யந்திரம் இருந்தால், ஈரம் காயும்வரை அதைத் தொடவேண்டாம். இதனால் ஒருநாள் வேலை கெடலாம். ஒரு தாயின் பிள்ளை மாலையில் வீடு திரும்புவான்.

தாய்மார்களே, "பட்டறையில் கூரைமேல் ஏறச் சொல்லுகிறார்களா?" என்று உங்கள் பிள்ளையை இன்றே கேளுங்கள். பட்டறைக்காரர்களே, ஞாயிறு ஓய்வு நாள், வேலை வேண்டாம். திங்கட்கிழமை காலை யந்திரத்தை ஓட்டுமுன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். பிறகு உங்களிடம் வேலை செய்கிற பையனின் முகத்தையும் பாருங்கள். அர்ச். சூசையப்பர் உங்கள் எல்லோரையும் காப்பாராக.

உங்கள் பங்குச் சுவாமி