பகடை போட்ட பாலை

தன் செயலுக்கு மனிதன் பொறுப்பாளி என்கிறோம். தான் நிற்கிற நிலத்துக்கு யார் பொறுப்பாளி? பண்டிதர்களுக்கு உரிய இந்தக் கேள்வி எனக்கு எழுந்தது ஒரு விளையாட்டு மேஜையின் முன்னால்.

ராஜபாளையத்தில் நண்பர் ஒருவர் வீட்டு மாடியில், கல்லூரியில் படிக்கும் அவருடைய மகனும் அவன் தோழனும் சாப்பாட்டு மேஜை மேல் யுத்தம் நடத்திக் கொண்டிருந்தார்கள். கட்டைவிரல் உயரத்துக்குப் பொம்மை வீரர்கள். 1983-இல் இங்கிலாந்தில் தோன்றிய ‘வார்ஹாமர்’ என்ற ஆட்டம் அது. அதன் கற்பனை உலகத்து வடகோடியில் ஒரு பாழ்வெளி உண்டு. தீய சக்தியின் மூச்சுப் பட்டு மண்ணும் மரமும் மிருகமும் இயல்பு கெட்டுப்போன வனாந்தரம். அன்றைய சண்டை அங்கேதான். சண்டைக்கு முன்னால் களத்தை உண்டாக்க வேண்டும் அல்லவா? மேஜையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பகடையை உருட்டினார்கள். கையில் ஒரு பட்டியல். இந்த எண் விழுந்தால் பட்டுப்போன காடு, இதற்குச் சதுப்பு, இதற்கு இடிந்த கோபுரம், இதற்கு வெறும் பொட்டல். நண்பர் மகன் பக்கம் மூன்று இடங்களில் சதுப்பு விழுந்தது. தோழன் பக்கமோ வாகான ஒரு மேடு.

“இது அநியாயமாக இல்லையா?” என்றேன்.

“பகடை விழுந்தபடிதானே மாமா! இதிலே யாரைக் குற்றம் சொல்வது?” என்றான் தோழன்.

மேட்டில் நிற்கிறவன் வேறெப்படிச் சொல்வான்! நண்பர் மகன் வாய் திறக்காமல் சதுப்பைச் சுற்றி வழி தேட ஆரம்பித்தான்.

ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர் அங்கிருந்து கூப்பிடு தூரம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பரமபத சோபான படத்தை விரிப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். அந்தப் படத்தில் நிலம் நிலையானது. பாம்பும் ஏணியும் எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் இருக்கும். தாயக்கட்டை ஆட்டி வைப்பது மனிதனை. பாம்புகள் பாவங்கள், ஏணிகள் புண்ணியங்கள். கட்டை புரண்ட விதத்தில் ஒருவன் பாவத்தில் சறுக்குகிறான், மற்றவன் புண்ணியத்தில் ஏறுகிறான். பாட்டிமார் கோபித்துக்கொள்ளக் கூடாது. இதைவிட விசித்திரமான தர்மோபதேசம் உண்டா? நினைத்துச் செய்யாதது எப்படிப் பாவமாகும்? கட்டையை முன்வினை என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாகிவிடும். ஆனால் அப்புறம் ஆடுகிறவனுக்கு உருட்டுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

மாடியில் நான் கண்டது இதற்கு நேர் தலைகீழ். நிலம் தற்செயல், அதில் அடியெடுத்து வைப்பது அவரவர் புத்தி. 2010-இல் வந்த எட்டாம் பதிப்பின் விதிகளில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. படை காட்டுக்குள் நுழைந்த பிறகுதான் அது எத்தகைய காடு என்று பகடை உருட்டித் தெரிந்துகொள்ள வேண்டும். கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கும் தொழில் தொடங்கியவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பரமபதத்தைவிட இதுவே வாழ்க்கைக்குக் கிட்ட இருப்பதாக எனக்குப் படுகிறது. நளனும் தருமனும் பகடை ஆடித்தான் காட்டுக்குப் போனார்கள். ஆனால் அவர்கள் ஆட உட்கார்ந்தவர்கள். எந்த மண்ணில் பிறப்பது என்பதற்கு நாம் யாரும் உட்கார்ந்து ஆடவில்லை.

இதுவரை அந்தத் தோழன் கட்சியே ஜயிக்கிறது. ஆனால், பட்டியல் என்று ஒன்று இருந்ததே! எந்த எண்ணுக்குச் சதுப்பு, எதற்கு மேடு என்று எழுதியது பகடை அல்ல. யாரோ ஒரு மனிதர்.

நம் இலக்கணக்காரர்களுக்கு இந்த விஷயம் தெரிந்திருக்கிறது. மற்ற நான்கு திணைகளுக்கும் நிலம் சொன்ன தொல்காப்பியர் பாலைக்கு மட்டும் சொல்லவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் முறைமை திரிந்தால் பாலை என்று இளங்கோவடிகள் சொல்கிறார். பிறவிப் பாழ் என்று ஒன்று கிடையாது. கெட்டுப்போன நல்ல நிலமே பாழ்.

இந்த இரண்டு ஊர்களுக்கும் மேற்கே மலை. தென்மேற்குப் பருவக் காற்று தன் மழையில் பெரும்பகுதியை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டிவிட்டு வருகிறது. அடிவாரத்தில் மாந்தோப்பு, கிழக்கே போகப் போக வானம் பார்த்த கரிசல். இது பகடை; யார் மேலும் பழியில்லை. ஆனால் மழைத் தண்ணீரைத் தேக்க முன்னோர் வெட்டிய கண்மாய்களில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறதே, அதுவும் பகடையா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து மனிதன் கொண்டு வந்த மரம் அது. விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்று விதைத்தார்கள். வரத்துக் கால்களைத் தூர் வாராமல் விட்டதும் மனிதர்கள்தான். அதையும் இதையும் ஒன்றாகச் சேர்த்து, “எங்கள் பக்கத்துத் தலையெழுத்து” என்று பெருமூச்சு விடுகிறோம். அந்த மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்றுப் பிழைக்கிறவனிடம், சதுப்பைச் சுற்றி வழி தேடு என்று உபதேசம் செய்வது மேட்டில் இருக்கிறவர்களுக்குச் சுலபம்.

பொம்மை யுத்தத்துக்கு 1913-லேயே விதி எழுதியவர் எங்கள் தொழில்காரர்தான்: நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ். ‘லிட்டில் வார்ஸ்’ என்ற அந்தப் புத்தகத்தில் நிலத்துக்குப் பகடை கிடையாது. ஒருவர் நிலத்தை அமைக்க வேண்டும். எந்தப் பக்கம் நின்று போரிடுவது என்று மற்றவர் தேர்ந்துகொள்வார். மேட்டைத் தனக்கென்று ஒதுக்கி வைத்தால் அது எதிரிக்குத்தான் போய்ச் சேரும்!

நம் பக்கத்துப் பாகப் பிரிவினைகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். அண்ணன் பங்கு வைப்பார், தம்பி முதலில் எடுப்பான். கிணற்றடி நிலத்தோடு கொஞ்சம் கல்லாங்குத்தையும், கரிசலோடு நாலு பனையையும் சேர்த்து, வரப்பைப் பத்துத் தரம் அளந்து, இராத்திரியெல்லாம் தூங்காமல் மறுபடி கலைத்து வைப்பார் அண்ணன். திருவுளச் சீட்டுப் போட்டுக் கொள்ளுகிற குடும்பங்களும் உண்டு. அங்கே பங்கு வைக்கிறவர் அவ்வளவு சிரமப்படுவதில்லை.