உடன்படிக்கையும் உலகப் போரும்

நண்பனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பது அறம் என்பதை மறுப்பார் இலர். ஆயின், அந்நண்பன் தகாத பூசலில் இறங்கிய வேளையிலும் அவ்வாக்கு நம்மைக் கட்டுமோ? தனி மனிதரிடத்துச் சிறிதாகத் தோன்றும் இவ்வினா, தேசங்களிடையே எழுந்தபோது கோடிக்கணக்கான உயிர்களை விலையாகக் கேட்டது. ஆதலின் இதனைச் சற்று நின்று ஆராய்வோம்.

1914ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் சரஜேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டார். பூசல் ஆஸ்திரியாவுக்கும் செர்பியாவுக்கும் உரியது. ஜூலை 28இல் ஆஸ்திரியா போர் அறிவித்தது. செர்பியாவுக்குத் துணையென ருஷியா படை திரட்டிற்று. 1879 முதல் ஆஸ்திரியாவோடு உடன்படிக்கை பூண்டிருந்த ஜெர்மனி, ஆகஸ்டு 1இல் ருஷியாவின் மீதும், ருஷியாவின் நட்பு நாடாகிய பிரான்ஸின் மீது 3ஆம் நாளும் போர் அறிவித்தது. ஜெர்மன் படை பெல்ஜியத்துள் புகவே, 4ஆம் நாள் இங்கிலாந்தும் இறங்கிற்று.

சங்கிலி அங்கே அறவில்லை. இந்திய மக்களை ஒரு சொல்லும் கேளாமலே இந்தியா போருட்படுத்தப்பட்டது. திருவிதாங்கூர் மன்னர் 1805ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஆங்கிலேயர்க்குக் கட்டுண்டவர். இன்று இடுக்கி மாவட்டத்திலுள்ள காந்தளூர் அந்நாளில் அவருடைய எல்லையில் அடங்கியது. (சோழர் கல்வெட்டுகள் கூறும் காந்தளூர்ச் சாலையோடு இதனை மயங்கற்க.) காந்தளூர், மறையூர் முதலிய அஞ்சுநாட்டுத் தமிழ்க்குடிகள், மதுரைச் சீமையின் போர்க்குழப்பங்களுக்கு அஞ்சி மலையேறியோர் வழியினர் என்பது அவர்தம் வழிவழிச் செய்தி. போரினின்று தப்ப மலையேறியோரின் வழித்தோன்றல்களும், செர்பியா எத்திசையிலுள்ளது என்று அறியாமலே, போர்புரியும் பேரரசின் துணைக்குடிகளாயினர்! சென்னையோர்க்கோ செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் கப்பலின் குண்டுகளே செய்தி சொல்லின.

வலியோர் கூடி நின்றால் பகைவர் அஞ்சுவர், அதனால் போர் நேராது என்பர் சிலர். இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும், கூட்டணி பகைவனுக்கு அச்சம் தருவது போலவே நண்பனுக்குத் துணிவும் தருகிறது. ஜூலை 5இல் ஜெர்மானியப் பேரரசர் துணைநிற்பதாக உறுதி கூறிய பின்னரே, ஆஸ்திரியா செர்பியாவிடம் அத்துணைக் கடுமை காட்டிற்று. பின்னால் பெரியவன் நிற்கின்றான் என்று அறிந்த சிறுவன் தெருவில் கைநீட்டுவதை நாம் கண்டதில்லையா?

இனி, வாக்கே அவர்களைப் போருக்கு இழுத்தது என்பதும் முழு உண்மையன்று. 1882 முதல் ஜெர்மனியோடும் ஆஸ்திரியாவோடும் கூட்டுப் பூண்டிருந்த இத்தாலி, இது தற்காப்புப் போரன்று என்று கூறி 1914இல் விலகி நின்றது. மறு ஆண்டிலோ எதிரணியிற் சேர்ந்தது. ஏட்டில் எழுதிய உடன்படிக்கை தானே வாளெடுப்பதில்லை. சேதனையே கம்மம் என்பது பகவரின் போதனை. எனவே, "வாக்கு எம்மைக் கட்டிற்று" என்னும் அரசர் பேச்சு தம் எண்ணத்தின் பொறுப்பைத் தாளின்மேல் ஏற்றுவதேயாகும்.

இவ்விடத்துப் பௌத்தராகிய நாம் ஒன்றை மறைத்தல் தகாது. 1914இல் இங்கிலாந்தின் நண்பனாயிருந்த ஜப்பான், 1940 செப்டம்பர் 27இல் ஜெர்மனி, இத்தாலியோடு ஒப்பந்தம் செய்தது. 1942 ஏப்ரல் 5இல் அதன் விமானங்கள் கொழும்பின் மீது குண்டு வீசின. குண்டெறிந்தோர் நாட்டிலும் புத்த விகாரைகள் உண்டு. குண்டு வீழ்ந்த நாட்டிலும் உண்டு. சரணம் சொல்லும் நாவு மட்டும் போர்வெறியைத் தடுத்துவிடவில்லை.

போதிசத்துவர் அம்பேத்கர், 1957இல் வெளிவந்த தம் 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில், சித்தார்த்தர் இல்லம் நீங்கிய காரணத்தைப் புதிதாகக் காட்டுகிறார். ரோகிணி ஆற்று நீரின் பொருட்டுக் கோலியர்மீது படையெடுக்கச் சாக்கிய சங்கம் துணிந்தது. சங்கத்துக்கு உறுதிமொழி அளித்த உறுப்பினரே சித்தார்த்தர். எனினும், நம்மவர் செய்த தவற்றையும் ஆராய்வோம் என்று அவர் எதிர்த்து நின்றார், பெரும்பான்மையோர் கேட்டிலர். படையிற் சேரவும் அவர் மறுத்தார். சங்கத்தின் சட்டத்தை அவர் பழிக்கவில்லை. குடும்பத்தார்க்குத் தீங்கு நேராதபடி வேண்டி, நாடு நீங்குதலைத் தாமே ஏற்றார். அவர் சென்ற பின்னர்ச் சாக்கியருள்ளேயே போருக்கு மாறான குரல் ஓங்கிற்று என்றும், நடுவர் மன்றம் அமைத்து வழக்கைத் தீர்க்க இரு குலத்தாரும் இசைந்தனர் என்றும் அந்நூல் கூறுகிறது.